பனைவிரிச்சான் கோப்பு

தோணித்துறை ஆவணக் கிடங்கில் பழைய தாள்களை அரைத்துத் தூளாக்கி மூட்டை கட்டி லாரியில் ஏற்றி அனுப்பிய மறுநாள் காலை, கிடங்குக்கு எதிர்ச்சாரியில் இருந்த மாற்றுக் குடியிருப்பின் குழாயடியில் மாமனார் கூரிச்சாத்தனுக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்த சேதுராக்கு, தேய்க்கத் தேய்க்க அழுக்கு போனதே தவிர எழுத்து போகவில்லை என்பதைக் கண்டாள்.

"மாமா, முதுகுல என்னத்த எழுதி வச்சிருக்கீக?"

"என் முதுகுல நான் எப்பிடித்தா எழுதுவேன்? கூறுகெட்டவ."

"அப்ப யாரு எழுதுனது?"

"நீதான தெனமும் என் முதுகுக்குப் பின்னாடி பேசுறவ. நீயே பாத்துச் சொல்லு."

பீர்க்கங்கூட்டால் தேய்த்தாள், போகவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தாள், போகவில்லை. பெரியவர் வலி பொறுக்காமல் கத்தவும், கிடங்கின் மதிலோரம் பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த மங்களேஸ்வரியைக் கூப்பிட்டாள். மங்களேஸ்வரி நிலமீட்புச் சங்கத்தின் செயலாளர். குடியிருப்பில் எதை வாசிக்க வேண்டுமென்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், எதற்குச் சண்டை போட வேண்டுமென்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், இரண்டுக்கும் அவள் மீன் கையோடு வந்து நிற்பாள். வந்து குனிந்து வாசித்தாள். பழைய தட்டச்சு எழுத்து, ஊதா நிறம், மேலே அரசு முத்திரை. "போர் முடிந்தவுடன் மேற்படி பனைவிரிச்சான் கிராமத்து நிலம் முழுவதும் மேற்படி குடிகளிடமே திருப்பி ஒப்படைக்கப்படும்" என்று இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை இறங்கிப் போயிற்று. மங்களேஸ்வரி அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் வருசக்கணக்காக மனுப்போட்டு மனுப்போட்டுக் கேட்டு, "அப்படியொரு தாள் எம்மிடம் இல்லை" என்று பதில் வாங்கி வாங்கி, அந்தப் பதிலைத்தான் சட்டம் போட்டு மாட்டாத குறையாக வைத்திருந்தாள். கேட்ட வரி, இதோ ஒரு கிழவரின் முதுகில் சோப்பு நுரைக்கு நடுவே இருக்கிறது.

கிடங்கைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நடுவண் அரசு தன் தாள்களை வைப்பதற்குக் கட்டிய கிடங்கு அது. ஆள் படுத்துறங்கும் அகலத்துக்குச் சுவர், ராப்பகலாக ஓடும் குளிர்சாதனம், மின்சாரம் போனால் அலறிக்கொண்டு எழும் ஜெனரேட்டர், சன்னலுக்குக் கறுப்புத் திரை, அலமாரிக்கு அலமாரி பூச்சி மருந்து. சாலைக்கு இந்தப் பக்கம், அந்தத் தாள்களில் யாருடைய பெயர்கள் எழுதப்பட்டிருந்தனவோ அவர்கள், ஓட்டை விழுந்த சிமெண்டுத் தகட்டுக்குக் கீழே, மழை வந்தால் கட்டில்மேல் அடுப்பை ஏற்றி வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். கிடங்கின் பள்ளத்தில் நீர் தேங்கினால் மோட்டார் வைத்து இறைத்து அதையும் குடியிருப்புப் பக்கமே விட்டார்கள். பெயர் நனையக் கூடாது, பெயருக்குச் சொந்தக்காரன் நனையலாம் என்பது எந்த ஊர் நியாயம் என்று மங்களேஸ்வரி கேட்டபோது, கருவாட்டு நாற்றத்துக்குக் கரப்பான் வருகிறது, ஆவணத்துக்கு ஆபத்து, பாயைச் சுருட்டு என்று பதில் வந்தது.

பனைவிரிச்சான் என்ற ஊர் இருந்தது. ஒரு போர் வந்தது. விமானம் இறங்க ஓடுதளம் வேண்டும் என்று ஊரைக் கேட்டார்கள், நாட்டுக்காகத்தானே என்று ஊர் எழுந்து கொடுத்தது, போர் முடிந்தால் திருப்பித் தருகிறோம் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். போர் முடிந்தது, எழுதிக் கொடுத்தவர் மாற்றலாகிப் போனார், ஓடுதளத்தில் ஆவாரை முளைத்தது, முள்வேலி மட்டும் வருசம் தவறாமல் புதுசாயிற்று. கோப்பின் மேலட்டையில் யாரோ ஒரு குமாஸ்தா "தற்காலிக ஏற்பாடு" என்று தலைப்பு எழுதியிருந்தார். அந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தான், தற்காலிகமானது தற்காலிகமாக வைத்திருந்தால் போதும் என்று முடிவு செய்து, நிரந்தரமாக வைக்கும் 'ஏ' வகுப்பில் வைக்காமல், கொஞ்ச காலம் வைத்து அழிக்கும் 'சி' வகுப்பில் வைத்தார்கள். எடுத்த நிலம் நிரந்தரம், கொடுத்த வாக்கு தற்காலிகம். தாளை அழிக்கும் வேலைக்கு அலுவலகத்தில் களையெடுப்பு என்று பெயர். எது களை எது பயிர் என்று தீர்மானித்தவர் வயலில் கால் வைத்தவரே இல்லை.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் குடியிருப்பில் ஏறக்குறைய எல்லார்மீதும் எழுத்து வந்துவிட்டது. ஒருவருக்கு நெஞ்சில், ஒருத்திக்கு இரண்டு முழங்கையிலும் தொடர்ச்சியாக, ஒருவனுக்குக் கழுத்தைச் சுற்றி அட்டிகை போல. ஊர் மக்கள் அந்தக் காலத்தில் கொடுத்த மனுவின் கைரேகைகள் பெண்களின் கன்னத்திலும் புறங்கையிலும் நீலமாகப் பூத்தன. பூட்டன் பெருவிரல் என் தாடையில் என்று ஒருத்தி கண்ணாடியை விட்டு நகரவில்லை. அதிகாரிகள் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்புகள் வந்தவர்கள் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளிடம் முதுகைக் காட்டி, "நல்லதா எழுதியிருக்கானா, திட்டி எழுதியிருக்கானா?" என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். யாரும் பயப்படவில்லை, மந்திரிக்கப் போகவில்லை. தன் ஊரின் தாள் தன்னைத் தேடி வந்திருக்கிறது, வேறெங்கே போகும் என்பதுபோல் இருந்துவிட்டார்கள்.

எழுத்து வந்தபிறகு நடையே மாறிப்போயிற்று. ஆண்கள் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்கள். பெண்கள் ஒரு பத்தி முழுசாகத் தெரிகிற அளவுக்கு ரவிக்கை முதுகை இறக்கித் தைக்கச் சொன்னார்கள், தையல்காரர் பத்தி அளந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தை ஓரமாக வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் கையில் பாதியில் நின்ற வாக்கியம் பெண்ணின் கையில் தொடர்கிறதா என்று பார்த்தார்கள். தொடர்ந்தால் அங்கேயே தட்டு மாற்றினார்கள்.

கிடங்கின் பொறுப்பு அதிகாரி பூதலிங்கம் பூதக்கண்ணாடியோடு சாலையைக் கடந்து வந்தார். அத்தனை வருசத்தில் அவர் சாலையைக் கடந்தது அதுதான் முதல் தடவை. கூரிச்சாத்தனின் முதுகை நெடுநேரம் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், வேர்த்தார்.

"அசல்தான்," என்றார்.

"அசலத்தான அரைச்சீக," என்றாள் மங்களேஸ்வரி.

"விதிப்படிதான்ம்மா அரைச்சோம்."

"விதிப்படி மொளச்சிருச்சு. இப்ப என்ன செய்யப்போறீக?"

பூதலிங்கம் கெட்டவரில்லை, விதியை மீறத் தெரியாதவர், அவ்வளவுதான். அவர் தலைநகருக்கு எழுதினார். "கோப்பை உடனே இங்கே அனுப்பி வைக்கவும்" என்று பதில் வந்தது. கோப்பு சாப்பிடும், தூங்கும், வாய்க்கு வாய் பேசும் என்று திரும்ப எழுதினார். அப்படியானால் இருந்த இடத்திலேயே வைத்து 'ஏ' வகுப்புக்குரிய முறையில் பாதுகாக்கவும் என்று உத்தரவு வந்தது. அந்த உத்தரவைக் கையில் வாங்கி வாசித்த மங்களேஸ்வரிக்கு, வலை நிறைய மீன் விழுந்தவளுக்கு வருமே, அந்தச் சிரிப்பு வந்தது.

"'ஏ' வகுப்புன்னா என்னென்ன சார் செய்யணும்? சொல்லுங்க, கேப்போம்."

"ஈரம் படக்கூடாது."

"கூரையப் பாருங்க."

அவர் பார்த்தார். தகட்டு ஓட்டைக்குள் வானம் தெரிந்தது. அடுத்த மழைக்குள் எல்லா வீட்டுக்கும் புதுக் கூரை வந்தது, மோட்டார் தண்ணீர் வேறு பக்கம் திரும்பியது, ஏனென்றால் ஆவணம் நனையக் கூடாது. ஆவணத்துக்கு அதிக வெயில் ஆகாது என்பதால் ரேஷன் கடை வரிசைக்குப் பந்தல் வந்தது. வீட்டுக்கு வீடு பாச்சை உருண்டை வந்தது, பெண்கள் அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டார்கள். புகையடிக்கும் இயந்திரத்தோடு வந்தவனை மட்டும் சேதுராக்கு விளக்குமாற்றோடு எதிர்கொண்டு, "பூச்சி எம்மேல இல்லடா, ஒங்க ஆபீசுல இருக்கு, அங்க போயி அடி" என்று துரத்திவிட்டாள். குடியிருப்பு ஆள் என்றால் எதற்கென்று சொல்லாமலே ஜீப்பில் ஏற்றுகிற வழக்கம் இருந்த போலீஸ்காரர், ஒருநாள் தடியை ஓங்கியவர், எதிரே நின்றவன் சட்டையைக் கழற்றி, "அரசாங்கத் தாளச் சேதப்படுத்துனா என்ன தண்டனைன்னு வாசிச்சுப் பாத்துட்டு அடிங்கய்யா" என்று நெஞ்சைக் காட்டவும், ஓங்கிய தடியால் தன் முதுகைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். பரம்பரை பரம்பரையாக மனிதர்களாக இருந்து கிடைக்காத மரியாதை, தாளாக மாறியதும் கிடைத்தது. இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் யார் என்று நினைத்தே குடியிருப்பு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தது.

ஒருத்தி மட்டும் நிமிர முடியாமல் இருந்தாள். மங்களேஸ்வரியின் உடம்பில் ஒரு புள்ளிகூட வரவில்லை.

தினமும் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள். கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மீன் செதில் ஒட்டியிருந்தது, எழுத்து இல்லை. சங்கம் வைத்தவள் அவள், மனு எழுதியவள் அவள், ஆபீஸ் வாசலில் நின்று காலில் நீர் கோத்தவள் அவள். ஊருக்குள் மருமகளாக வந்தவர்கள் மீதெல்லாம் வந்திருக்கிறது, நேற்றுப் பிறந்ததின் உள்ளங்காலில் ஒரு முத்திரையின் விளிம்பு வந்திருக்கிறது, அவள்மேல் மட்டும் இல்லை.

"ஒன்னைய கவர்மெண்டுக்கே தெரியல போலருக்கே மதினி," என்று சேதுராக்கு குழாயடியில் வைத்துச் சிரித்தாள்.

"எனக்கு கவர்மெண்டத் தெரியும்டி. அது போதும்," என்றாள் மங்களேஸ்வரி. குடம் நிறையும் முன்பே தூக்கிக்கொண்டு போனாள்.

அந்தச் சமயத்தில்தான் ஓடுதளத்து நிலத்தை ஏலம் விடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. சங்கம் ஆட்சேபித்தது. ஏலத்துக்கு முன் விசாரணை என்று ஒரு தேதி விழுந்தது. விசாரணையில் கோப்பு முழுசாக வாசிக்கப்பட்டால் நிலம் உண்டு, ஒரு தாள் குறைந்தாலும் இல்லை என்பது எல்லாருக்கும் புரிந்தது. அந்தத் தேதிக்கு முன்னாலேயே கூரிச்சாத்தனுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது.

குடியிருப்பே வாசலில் கூடி நின்றது. மனிதனுக்காக அழுவதா தாளுக்காக அழுவதா என்று தெரியாமல் இரண்டுக்குமாக அழுதார்கள். மங்களேஸ்வரி உள்ளே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். போனால் என்மேல் ஏறிவிட்டுப் போங்கள் என்று வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் பிடித்த பிடியில் அது இருந்தது. பெரியவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, "நீ எதுக்குத்தா தாளாகணும்" என்றார். அதற்குமேல் பேச்சு வரவில்லை. நடுப்பகலில் அடங்கினார். குளிப்பாட்டும்போது முதுகு எழுத்தே இல்லாமல் பளிங்காக இருந்தது. வாசலில் ஓலம் எழுந்தது. உடனே உள்ளிருந்து சேதுராக்குவின் சத்தம் அதையும் மீறிக் கேட்டது.

"யாத்தே! எம்முதுகு எரியிதே, வந்து பாருங்களேன்!"

இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை, ஊதா நிறத்தில், ஓர் எழுத்துக் குறையாமல் வந்திருந்தது. வருசக்கணக்காகத் திட்டிக்கொண்டே முதுகு தேய்த்தவள் அவள்தான். "செத்தும் என்னைய விட்டாரா பாரு மனுசன்," என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே, வாக்கியம் தெரியட்டும் என்று முந்தானையை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். மங்களேஸ்வரி வெறுங்கையோடு எழுந்து வெளியே போனாள். மதிலோரம் போய்ப் பாயில் கிடந்த மீன்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள்.

விசாரணையைத் தலைநகரில் வைக்கப் பார்த்தார்கள். 'ஏ' வகுப்பு ஆவணத்தை இடம் பெயர்த்தால் சேதமாகும், வாசிக்க வேண்டியவர்தான் கோப்பு இருக்கும் இடத்துக்கு வர வேண்டும் என்று பூதலிங்கம் விதியை எடுத்துக் காட்டினார். வாழ்நாளில் முதல்முறையாக விதி அவருக்கு இனித்தது. கோப்பைப் பக்க வரிசைப்படி விரித்து வைத்து வாசிக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டார்கள். எல்லாரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும், தோணித்துறையில் அவ்வளவு நீளமான இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றார் அவர். அப்படித்தான் ஓடுதளத்தின் முள்வேலிக் கதவை அரசாங்கமே திறந்துவிட்டது. அப்படித்தான் பனைவிரிச்சான்காரர்கள், மனுவாக நுழைய முடியாத தங்கள் மண்ணுக்குள், கோப்பாக நுழைந்தார்கள்.

ஒத்திகை பார்த்தபோது பூதலிங்கம் வரிசையைக் கடைசிவரை நடந்து சரிபார்த்தார். தாள்களைக் கோக்கிற கயிறு இல்லையே என்றதும் எல்லாரும் கையோடு கை கோத்துக்கொண்டார்கள். "நான் குமாஸ்தாவா இருந்த காலத்துல," என்று பொதுவாகச் சொன்னார், "கோப்பு மேல போகும்போது கடைசில ஒரு வெத்துத்தாளச் செருகித்தான் அனுப்புவோம். மறந்தா மேலதிகாரி எங்க எழுதுவாரு? கோப்பத் தூக்கி மூஞ்சியில எறிவாரு." எல்லாரும் சிரித்தார்கள். மோர்ப்பானையோடு ஓரமாக நின்ற மங்களேஸ்வரி சிரிக்கவில்லை.

விசாரணை நாளன்று காலையிலேயே வெயில் நல்ல வெயிலாக இருந்தது. ஆணையர் ஒரு பெண்மணி, மூக்குக்கண்ணாடி, கறுப்புக் குடை, பின்னால் அரசு வக்கீல், அதற்குப் பின்னால் பூதலிங்கம். ஆணையர் முதல் ஆளிடமிருந்து தொடங்கி நடந்துகொண்டே வாசித்தார். ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது துணியை விலக்கி, நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை அடக்கி, எழுத்துக் கலையாமல் நின்றார்கள். சேதுராக்கு திரும்பி நின்று முதுகைக் காட்டிக்கொண்டே, "நல்லா சத்தமா வாசிங்கம்மா, எம்மாமனாருக்குக் கேக்கட்டும்" என்றாள். ஆணையர் சத்தமாகவே வாசித்தார். போர் முடிந்தவுடன், மேற்படி நிலம் முழுவதும், மேற்படி குடிகளிடமே. ஆவாரஞ்செடிகளுக்கு நடுவே அந்தச் சொற்கள் நடந்து போயின. பிறகு மனு வந்தது, கைரேகை கைரேகையாக, கன்னம் கன்னமாக. பிறகு அதிகாரிகளின் குறிப்புகள் வந்தன. "பேசவும்" என்று ஒருவர் தோளில், "பரிசீலிக்கவும்" என்று ஒருத்தி கழுத்தில், "மீண்டும் பேசவும்" என்று இன்னொருவன் வயிற்றில். கடைசியாக நின்ற இளைஞனின் நெஞ்சில் "உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது" என்று இருந்தது. அதோடு வரிசை முடிந்தது. அவனுக்கு அப்பால் வெறும் ஓடுதளம்தான் வெயிலில் கிடந்தது.

"வாக்குறுதியை நாங்கள் மறுக்கவில்லை," என்றார் அரசு வக்கீல், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. "ஆனால் உத்தரவு எங்கே? யாருமே உத்தரவு போடவில்லை. கோப்பு பாதியில் நிற்கிறது. உத்தரவில்லாத கோப்பை வைத்துக்கொண்டு நிலத்தை எப்படிக் கொடுப்பது?"

ஆணையர் பூதலிங்கத்தைப் பார்த்தார், பூதலிங்கம் தரையைப் பார்த்தார். "இதற்கப்புறம் வேறு யாரும் இல்லையா?" என்று ஆணையர் வரிசையைப் பார்த்துக் கேட்டார். கோத்திருந்த கைகள் இறுகுவது மட்டும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடிப்போனது தெரிந்தது.

மங்களேஸ்வரி மோர்ப்பானையைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். நடந்து போய் அந்த இளைஞனுக்கு அடுத்தாற்போல் நின்று, அவன் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை ஆணையர் முன்னால் நீட்டினாள்.

"இருக்கேன்ம்மா. அடுத்த தாள் நாந்தான்."

"அந்த அம்மா மேல ஒண்ணுமே இல்லையே!" என்றார் வக்கீல்.

"இல்லதான் சார். இருந்திருந்தா இந்தம்மா எங்க எழுதுவாக?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், பிறகு வரிசை முழுதும் சிரித்தது. சேதுராக்கு கையை விடாமலே எட்டிப் பார்த்து, "எங்க மதினி வெத்துத்தாளுடி! கெட்டிக்காரத் தாளு!" என்று கூவினாள். பூதலிங்கம் தொண்டையைச் செருமி, அலுவலகக் குரலில், "கோப்பு முறைப்படி சரியாக இருக்கிறது, மேடம். வெற்றுத்தாள் இணைக்கப்பட்டிருக்கிறது" என்றார்.

ஆணையர் அந்தக் கையைப் பார்த்தார். வெயிலில் கறுத்த கை, மணிக்கட்டில் ஒரு செதில் மின்னிக்கொண்டிருந்தது, லேசாகக் கருவாட்டு வாசம். குடையைப் பூதலிங்கத்திடம் கொடுத்துவிட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தார். உயரதிகாரிகள் மட்டும் எழுதுகிற பச்சை மை.

"கை நடுங்காதே?"

"எனக்கு நடுங்காதும்மா. ஒங்களுக்கு?"

ஆணையர் அந்தக் கையை ஏந்திப் பிடித்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டை நோக்கி, வாக்களித்தபடியே நிலம் குடிகளிடம் ஒப்படைக்கப்படுகிறது என்று எழுதினார், தேதி போட்டார், கையெழுத்திட்டார். மை ஈரமாகப் பளபளத்தது. ஆணையர் அதை ஊதி உலர்த்தக் குனிந்தார்.

"ஊதாதீகம்மா, பரவிரும்," என்றாள் மங்களேஸ்வரி. கையை விலக்கி, பனைவிரிச்சான் மண்ணின்மேல், பனைவிரிச்சான் வெயிலில் நீட்டி, எந்தப் பக்கம் எவ்வளவு காய வேண்டும் என்று கணக்காகத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். காயவைப்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.